கீழூருக்கு ஐந்து நாள்

எங்கள் கிர்கிஸ் ஊரான கோக்தாலாவுக்கும் கீழே இருக்கும் தாஜிக் ஊரான சங்தராவுக்கும் நடுவில் நாட்டு எல்லை எந்த வழியாகப் போகிறது என்று அந்த வருஷம் வரை யாருக்கும் சரியாகத் தெரியாது. கிர்கிஸ் வீடு ஒன்று, தாஜிக் வீடு இரண்டு, மறுபடி கிர்கிஸ் வீடு நான்கு என்று மலையடிவாரம் முழுக்கக் கலந்து கிடந்தது. வரைபடம் வைத்திருந்தவர்கள் தலைநகரங்களில் இருந்தார்கள். எங்களுக்குத் தெரிந்த எல்லை, அக்சூ ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில் இருந்த மதகு. அதற்கு இரண்டு கண். இடது கண்ணைத் திறந்தால் தண்ணீர் எங்கள் மேலூருக்கு. வலது கண்ணைத் திறந்தால் அவர்கள் கீழூருக்கு. எங்களுக்கு ஐந்து நாள், அவர்களுக்கு ஐந்து நாள்.

முறையைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு ஒரு நீர்க்கட்டி. எங்கள் பக்கம் ஜொல்தோஷ் அண்ணன், அவர்கள் பக்கம் ஹோல்மத். இருபத்திரண்டு வருஷமாக இரண்டு பேரும் அந்த மதகுப் பலகையில் உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறார்கள்.

"ஏய் மேலூரான், ஷட்டர்ல நாலு விரல் கடை விட்டு வச்சிருக்கியே, நான் குருடன்னு நெனச்சியா?"

"குருடன் இல்லய்யா, பேராசைக்காரன். வெங்காயத்துக்குத் தண்ணி விடச் சொன்னா வெங்காயத்தக் குளிப்பாட்டறே."

இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். பேசி முடித்ததும் ஹோல்மத் தன் பருத்திக் கோட்டுப் பையிலிருந்து ரொட்டி எடுப்பார். அண்ணன் பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றுவார்.

நான் ஊர் மருந்தகத்தில் நர்ஸ். அண்ணன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே மண்சுவர். அந்த வீட்டில் உப்பு தீர்ந்தால்கூட எனக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் இதையெல்லாம் நான் சொல்லவேண்டியிருக்கிறது.

அந்தக் குளிர்காலத்தில் மலையில் பனி சரியாக விழவில்லை. ஏப்ரலில் வாதுமைப்பழ மரங்களெல்லாம் பூ உதிர்ந்து கடலை அளவுக்குக் காய் பிடித்திருந்த நேரம், ஆறு முழங்கால் அளவுக்குக்கூட ஓடவில்லை. மண்ணைக் கிளப்பிக்கொண்டு காற்று வேறு. அண்ணனின் ஒரே மகன் ஆய்பெக் ரஷ்யாவில் நான்கு வருஷம் கட்டட வேலை பார்த்துவிட்டு வந்து, யாரும் உழாத வறண்ட சரிவில் நானூறு கன்று நட்டிருந்தான். இருபத்தாறு வயது. கையெல்லாம் காய்ப்பு. அவனைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் அந்தச் சரிவில் நட்டார்கள். இருந்த தண்ணீருக்கு அது புது வாய்.

எங்கள் முறை முடிந்து மூன்று நாள் ஆகியும் இடது கண் திறந்தே இருந்தது. ஆய்பெக்கும் அவன் கூட்டாளிகளும் மதகின் சக்கரத்தில் சங்கிலி சுற்றிப் பூட்டியிருந்தார்கள். நான்காம் நாள் மதியம் அண்ணன் வீட்டுக்கு நூடுல்ஸ் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள், போயிருந்தேன். அண்ணன் மனைவி தமீரா அக்கா மாவை மெல்லிசாக அறுத்துக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"சாவியக் குடு" என்றார் அண்ணன் ஆய்பெக்கிடம்.

"எந்தச் சாவி?"

"நடிக்காதடா. மூணு நாள் அவங்க தண்ணிய நாம குடிச்சாச்சு."

"அப்பா, கன்னு வச்சுப் பத்து மாசம் ஆகல. இந்த வாரம் தண்ணி காட்டலேன்னா நானூறும் வெறகுதான். அவங்களுக்கு அம்பது வருஷத்து மரம். வேர் ஆழமாப் போயிருக்கு, தாங்கும்."

"மரம் தாங்கும். வெங்காயம் தாங்குமா? ஹோல்மத்துக்கு நான் என்ன சொல்றது?"

"ஹோல்மத், ஹோல்மத்! நீங்க இந்த ஊரு நீர்க்கட்டியா, அந்த ஊரு நீர்க்கட்டியா? ஆறு நம்ம மலைலேருந்து வருது. மேல இருக்கறவன் குடிச்ச மிச்சம்தான் கீழ போகும்."

அண்ணன் கிண்ணத்தை நகர்த்திவைத்தார். "மலைய நீ பெத்தியாடா?"

தமீரா அக்கா கரண்டியை ஓங்கி அடுப்பு மேடையில் போட்டாள். "சாப்பிடற எடத்துல ஆத்தக் கொண்டு வராதீங்க ரெண்டு பேரும்!"

ஆய்பெக் சிரித்துவிட்டான். சிரித்தபடியே சாவியைக் கால்சட்டைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டான். அண்ணன் சாப்பிடாமல் எழுந்து போனார்.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். மருந்தகத்தில் ஊசி கொதிக்கவைத்துக்கொண்டிருந்தேன். மதகுப் பக்கம் சத்தம் கேட்டது. முதலில் கூச்சல், பிறகு கல் விழும் ஓசை. பையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நான் போவதற்குள் நடந்ததைப் பின்னால் அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஹோல்மத் எட்டுப் பேரோடு வந்திருக்கிறார். அண்ணன் அவர்களுக்கு முன்பே போய்க் கடப்பாறையால் சங்கிலியை உடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதைப் பார்த்து ஹோல்மத், "என்ன மேலூரான், உன் வீட்டுத் திருடன உன்னாலயே புடிக்க முடியலயா?" என்றிருக்கிறார். கேலியாகத்தான். ஆனால் அதே நேரம் சரிவிலிருந்து ஆய்பெக்கும் இருபது பேரும் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் காதில் விழுந்தது 'திருடன்' என்ற ஒரு சொல்தான்.

முதல் கல்லை எறிந்தது யார் என்பதற்கு இரண்டு ஊரிலும் இரண்டு பதில் இருக்கிறது. எனக்குத் தெரியாது. நான் போனபோது கல் மழை மாதிரி விழுந்தது. மண்வெட்டிப் பிடிகள் எலும்பில் படும் சத்தம் கேட்டது. ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினான். விரல் இடுக்கில் பல். அண்ணனின் வலது கை முழங்கைக்குக் கீழே தொங்கியது. தொங்கிய கையோடு அவர் வாய்க்காலுக்குள் இறங்கி யாரையோ இழுத்துக்கொண்டிருந்தார்.

"அனார்குல்! வாம்மா, புடி, தலையப் புடி!"

ஹோல்மத்தைத்தான் இழுத்துக்கொண்டிருந்தார். சக்கரத்தைத் திருப்பக் குனிந்தவரைப் பின்னாலிருந்து மண்வெட்டியின் இரும்புப் பக்கத்தால் அடித்திருந்தார்கள். பின்மண்டை உள்ளே போயிருந்தது. கரையில் போட்டு என் தலைத்துணியைச் சுருட்டி வைத்து அழுத்தினேன். துணி நனைந்தது, என் மடி நனைந்தது. மேலே கல் விழுந்துகொண்டே இருந்தது. அண்ணன் எங்கள் இரண்டு பேர் மேலும் கவிழ்ந்து மறைத்துக்கொண்டார். அவர் முதுகில் கல் படும்போதெல்லாம் மூச்சு 'ஹக்' என்று வெளியேறியது.

ஹோல்மத்தின் கால் இரண்டு முறை இழுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

பத்து மணிக்குத் துப்பாக்கி வந்தது. பன்னிரண்டு மணிக்குப் பீரங்கிக் குண்டு வந்தது. முப்பது பேர் மண்வெட்டியோடு தொடங்கிய சண்டையை இரண்டு நாடுகளும் கையில் எடுத்துக்கொண்டன. எங்கள் பள்ளிக்கூடத்தின் கூரை தெருவில் கிடந்தது. சங்தராவின் கடைத்தெரு எரிந்த புகை எங்கள் தொண்டையில் கரித்தது. எங்கள் ஆட்கள் போய் அங்கே எட்டு வீட்டைக் கொளுத்தினார்கள். அவர்கள் வந்து இங்கே பதினாறு வீட்டைக் கொளுத்தினார்கள். அண்ணன் வீடும் என் வீடும் அந்தப் பதினாறில் போயின. தமீரா அக்கா கட்டிப்போட்ட பசுவை விட்டு வரமாட்டேன் என்று கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டாள். விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் இழுத்து வந்தேன். பசு கத்தியது காய்ந்த வாய்க்காலுக்குள் நாங்கள் படுத்திருந்த இடம்வரை கேட்டது. பிறகு கேட்கவில்லை.

இரண்டு நாளில் எங்கள் பக்கம் பதினொரு பேர் செத்தார்கள். அவர்கள் பக்கம் ஒன்பது. ஹோல்மத்தோடு பத்து.

சண்டை நின்றதும் ஆய்பெக் பெரிய ஆள் ஆகிவிட்டான். எரிந்துகொண்டிருந்த வீட்டிலிருந்து இரண்டு கிழவர்களைத் தூக்கி வந்தது உண்மை. கன்னத்தில் தீக்காயம், நான்தான் மருந்து போட்டேன். தொலைக்காட்சிக்காரர்கள் வந்து, காயம் தெரிகிற மாதிரி நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். விருதுக்குப் பெயர் போயிருக்கிறது என்றார்கள். கூடாரம் போட்டு நாங்கள் தங்கியிருந்த பள்ளி மைதானத்தில் அவன் நடந்து போனால் பெரியவர்கள் எழுந்து கை கொடுத்தார்கள்.

அண்ணன் மட்டும் அவனோடு பேசவில்லை. மாவுக்கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கூடார வாசலில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் முதுகுக் காயத்துக்குக் கட்டு மாற்றப் போனபோது தமீரா அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, பெத்த புள்ளகிட்ட எத்தன நாளைக்கு இப்படி?"

"ஹோல்மத்த அடிச்சது இவன்."

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தாள். நான் கத்தரிக்கோலைப் பிடித்தபடி நின்றேன்.

"நீங்க பாத்தீங்களா?" என்றாள் அக்கா.

"மூணு அடி தூரத்துல. தடுக்கப் போன கைதான் இது."

அக்கா சட்டென்று அவர் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தினாள். பொத்திய வேகத்தில் அவர் தலை கூடாரக் கம்பில் இடித்தது. "சொல்லாதீங்க. எங்கிட்ட சொன்னதோட போகட்டும். அனார்குல், நீ ஒண்ணும் கேக்கல. கேட்டியா?"

"கேக்கலக்கா" என்றேன்.

மே மாதம் பாதிக்கு மேல் போயிற்று. மதகை இரண்டு நாட்டுச் சிப்பாய்களும் பூட்டி வைத்திருந்தார்கள். ஆறு தன்பாட்டுக்குப் பள்ளத்தில் ஓடி வீணாகப் போக, இரண்டு ஊர் மரத்திலும் காய் சுருங்கி உதிர்ந்தது. கடைசியில் அதிகாரிகள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். முறை மாறும் நாள்களில் ஊருக்கு ஒரு நீர்க்கட்டி வரலாம். பக்கத்துக்கு நாலு சிப்பாய் நிற்பார்கள். மருத்துவ ஆள் ஒருவர் கூட இருக்கலாம். அண்ணனுக்கு ஒரு கைதான் இருந்ததால் சக்கரம் திருப்ப நான் போனேன்.

கீழூரில் ஆண்கள் யாரும் வர ஒப்புக்கொள்ளவில்லை. வந்தது ஹோல்மத்தின் மனைவி ஹோஸியத். ஐம்பது வயது இருக்கும். புருஷனின் பருத்திக் கோட்டைப் போட்டிருந்தாள். கை நீளமாக இருந்ததால் மடித்துவிட்டிருந்தாள். பலகையின் அந்த முனையில் நின்றுகொண்டு எங்கள் மொழியிலேயே நேராகக் கேட்டாள்.

"இருபத்திரெண்டு வருஷம் எம் புருஷன்கூட ரொட்டி தின்னிருக்கே. யாரு அடிச்சது?"

அண்ணன் தண்ணீரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எம் மகன்."

அவள் எப்போது பலகையைத் தாண்டினாள் என்று நான் பார்க்கவில்லை. தண்ணீர் அளவு பார்க்கும் வில்லோ மரக் கழியால் அவர் முகத்தில் அடித்தாள். இன்னொன்று காதில். மூன்றாவது, மாவுக்கட்டின் மேல். அண்ணன் நகரவில்லை. எட்டுத் துப்பாக்கியும் 'கடக்' என்று சத்தம் போட்டன.

"ஒண்ணுமில்ல!" என்று அண்ணன் ரத்தம் ஒழுகும் வாயோடு கத்தினார். "எங்களுக்குள்ள அளவுத் தகராறு. நீங்க துப்பாக்கிய எறக்குங்க!"

ஹோஸியத் மூச்சு வாங்க நின்றாள். "நான் போய் ஊர்ல இந்தப் பேரச் சொன்னா, அடுத்த வாரம் திரும்பவும் இருபது வீடு எரியும். சொல்லாம இருந்தா நான் வெந்து சாவேன். நீயே ஒரு வழி சொல்லு, மேலூரான்."

"போலீஸ் கச்சேரில போய் எழுதிக் குடுக்கறேன்."

"உங்க கச்சேரில."

"எனக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

அவள் காறித் துப்பிவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தாள். இரண்டு பேருமாகத் திருப்பினோம்.

அண்ணன் சொன்னபடியே மாவட்டக் காவல் நிலையத்துக்குப் போனார். நானும் போனேன். இளைஞனான ஓர் அதிகாரி காகிதத்தைப் படித்தான், மறுபடி படித்தான், மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான்.

"அண்ணே, தலைல அடிபட்டிருக்கு உங்களுக்கு. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

"தலைல ஒண்ணும் இல்ல. கைலதான்."

"உங்க மகன் பேரு விருதுப் பட்டியல்ல இருக்கு. நான் கொலைப் பட்டியல்ல எழுதினா என் வேலை போகும். அந்தப் பக்கத்தான் நம்ம பதினொரு பேரக் கொன்னதுக்கு யாராவது எழுதிக் குடுத்தானா?"

"அவன் எழுதலேன்னா எனக்கென்ன? நான் எம் மகனப் பத்திச் சொல்ல வந்தேன்."

"போங்கண்ணே."

நாங்கள் ஊர் திரும்புவதற்குள் செய்தி ஊருக்கு வந்துவிட்டது. அந்த அதிகாரிதான் யாருக்கோ போன் செய்திருக்கவேண்டும். பகல் மூன்று மணி. அண்ணன் என்னை மருந்தகத்தில் விட்டுவிட்டுக் கடைப்பக்கம் ரொட்டி வாங்கப் போனார். சன்னல் வழியாகப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் சூழ்ந்தார்கள். எல்லாம் நான் ஊசி போட்ட கைகள்.

"என்ன பெரியவரே, தாஜிக்காரி எவ்வளவு நாளா சோறு போடறா?"

"செத்த பதினொரு பேரோட அம்மாங்க மூஞ்சில முழிப்பியாய்யா நீ?"

அண்ணன் ஏதோ சொன்னார். ஒருவன் அவர் வெள்ளைக் கம்பளித் தொப்பியைத் தட்டிவிட்டான். குனிந்து எடுக்கப் போனார். முழங்காலால் முகத்தில் இடித்தான். பிறகு எல்லாரும் மிதித்தார்கள். கூடாரங்களிலிருந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவுத் தாழ்ப்பாள் மேல் என் கை இருந்தது; திறக்கவில்லை. அவர்கள் போனபிறகுதான் திறந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் இருக்காது.

அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் ஆய்பெக் நின்றான். "விடுங்கடா, எங்கப்பாடா!" என்று கத்தினான். இரண்டு பேர் அவனைக் கட்டிப் பிடித்திருந்தார்கள். அதில் ஒருவன் அன்பாகச் சொன்னான்: "உனக்காகத்தாண்டா அடிக்கிறோம்."

ஐந்து விலா எலும்பு. ஒரு பக்க நுரையீரலில் ரத்தம். நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்வரை தமீரா அக்கா கட்டில் பக்கத்தில் நின்றாள். ஆய்பெக் காலடியில் நின்றான். அக்கா அவனைத் திரும்பிப் பார்க்காமலேயே பேசினாள்.

"அவரு வாயப் பொத்தினவ நான். பொத்தாம இருந்திருந்தா அன்னிக்கே உன்ன நானே கேட்டிருப்பேன். இப்பக் கேக்கறேன். அவரு பொய்யா சொன்னாரு?"

ஆய்பெக் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு, "ஹோல்மத் என்னத் திருடன்னு சொன்னாரும்மா. என் காதுல அதுதான் விழுந்தது. கையத் தூக்கினது தெரியும். எறக்கினது தெரியல" என்றான்.

"நாளைக்கு அவங்க முறை. யாராவது போய்த் தெறக்கணும். ஊர்ல ஒருத்தனும் போகமாட்டான்."

"அங்க அந்தம்மா நிக்கும்."

"ஆமா. நிக்கும்."

மறுநாள் காலை அவன் என்னோடு வந்தான். முகச் சவரம் செய்திருந்தான். தீக்காயம் சிவப்பாகத் தெரிந்தது. எங்கள் சிப்பாய்கள் அவனைப் பார்த்ததும் சிரித்துக் கை கொடுத்தார்கள். ஒருவன் சிகரெட் நீட்டினான். அவன் வாங்கவில்லை.

ஹோஸியத்துக்கு அவனை யாரென்று தெரியாது. "ஜொல்தோஷ் எங்க?" என்றாள்.

"ஆஸ்பத்திரில. ஊர்க்காரங்க அடிச்சுட்டாங்க. உண்மையச் சொன்னதுக்கு" என்றான் ஆய்பெக். "நான் அவரு மகன்."

அவள் கழியை இரண்டு கையாலும் பிடித்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. திறந்து பார்த்தபோது அவள் கழியைப் பலகையில் ஊன்றியிருந்தாள்.

"எதுக்கு வந்தே?"

"எங்க கச்சேரில எழுதிக்க மாட்டேங்கறாங்க."

சொல்லிவிட்டு மதகுப் பலகையில் ஏறினான். நடுவரைதான் எங்கள் ஆட்கள் போகலாம். அதில் சிவப்பு வண்ணத்தில் கோடு போட்டிருந்தார்கள். அவன் கோட்டைத் தாண்டினான். கையை உயர்த்தினான். "ஹோல்மத்த அடிச்சவன் நான்தான்!" என்று அவர்கள் மொழியில் கத்தினான். ரஷ்யாவில் தாஜிக்குகளோடு வேலை பார்த்தபோது கற்ற மொழி.

அந்தப் பக்கச் சிப்பாய் ஒருவன் ஓடிவந்து துப்பாக்கிக் கட்டையால் அவன் வாயில் இடித்தான். அவன் முழங்காலில் விழுந்தான். இன்னொருவன் காலால் முதுகில் உதைத்தான். எங்கள் பக்கம் நாலு துப்பாக்கியும் தோளுக்கு ஏறின. அவர்கள் பக்கமும் ஏறின. நடுவில் நானும் ஹோஸியத்தும். யாராவது ஒருவன் தும்மியிருந்தால் அன்றைக்கு இன்னொரு ஏப்ரல்.

"சுடாதீங்க!" ஆய்பெக் ரத்தத்தைத் துப்பித் துப்பி எங்கள் பக்கம் பார்த்துக் கத்தினான். "யாரும் இழுக்கல! நானா வந்தேன்!"

ஹோஸியத் அவனுக்கும் சிப்பாய்க்கும் நடுவில் போய் நின்றாள். ஒரு அதட்டுப் போட்டாள். என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை. சிப்பாய் கட்டையை இறக்கினான். கையைப் பின்னால் கட்டி அவனை இழுத்துப் போனார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே? எங்க முறை. சக்கரத்தத் திருப்பு."

திருப்பினேன். பாதித் திருகில் கை வழுக்கி நகம் பெயர்ந்துவிட்டது. தண்ணீர் வலது கண் வழியாகப் பாய்ந்தது.

அவர்கள் நீதிமன்றத்தில் அவனுக்குப் பதினான்கு வருஷம் போட்டார்கள். விசாரணைக்கு முன்பே கொட்டடியில் ஒரு கண் போயிற்று. எங்கள் பக்கம் விருதுப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். 'எதிரி கடத்திக்கொண்டு போனான்' என்று ஒரு நாளும், 'துரோகி' என்று மறுநாளும் பேசினார்கள். அவனைப் போல ஒருவனும் எந்தப் பக்கத்திலிருந்தும் கோட்டைத் தாண்டிப் போகவில்லை. மற்ற இருபது சாவுக்கும் இன்றுவரை கேட்பார் இல்லை. அவன் நட்ட நானூறு கன்றில் நூற்றைம்பது பிழைத்திருக்கும்.

அண்ணன் ஆகஸ்டில் வந்தார். உரக்கப் பேச முடியாது. மூச்சு விசில் அடிக்கும். ஆனால் மறுபடி நீர்க்கட்டி அவர்தான். திட்டினவர்களுக்கும் தண்ணீர் வேண்டியிருந்தது. ஹோஸியத் வேறு யாரோடும் அளவு பார்க்க ஒப்புக்கொள்ளவில்லை. எல்லையை மூடிவிட்டதால் சிறைக்குப் போய்ப் பார்க்க வழியில்லை. கடிதமும் போகாது. தமீரா அக்கா முறை மாறும் ஒவ்வொரு நாளும் எங்களோடு மதகுவரை வந்து, சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். ஹோஸியத் அவள் இருக்கும் பக்கமே திரும்பமாட்டாள். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படித்தான் போயிற்று.

போன ஜூனில் ஒரு நாள், அளவு பார்த்து முடித்துக் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கிளம்பியவள் நின்றாள். முகத்தைத் திருப்பாமலேயே பேசினாள்.

"திங்கக்கிழம சிறைக்குப் போயிருந்தேன்."

அக்கா பலகையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்துட்டானான்னு பாக்கத்தான் போனேன். சாகல." கழியைத் தோள் மாற்றிக்கொண்டு, "இளைச்சுப் போயிருக்கான். இருமல் இருக்கு" என்றாள்.

தமீரா அக்கா சிவப்புக் கோட்டின் விளிம்புவரை வந்தாள்.

"அடுத்த முறைக்கு வரும்போது கம்பளிச் சட்டை ஏதாவது கொண்டு வா" என்றாள் ஹோஸியத். "நானா காசு போட்டு வாங்கிக் குடுக்கமாட்டேன்."